மெடலை எடை போடாதீங்க, ஓரத்தைப் படிங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு குடும்பம் பழைய டிரங்கு பெட்டியில இருந்து எடுத்த மெடல்களோட படம் போட்டிருந்தீங்க, கீழ "கொள்ளுத்தாத்தாவின் வீரத்துக்கு ஆங்கில அரசு தந்த விக்டோரியா பதக்கம்"னு எழுதியிருந்தீங்க. அந்தக் குடும்பத்து பெருமையைக் குறைக்கணும்னு இதை எழுதல. அந்தப் படத்துல இருக்குற விஷயம் நீங்க எழுதினதை விட பெருசு, அது பாதியில நின்னுபோயிடக் கூடாதுன்னு தான் எழுதுறேன். இடது பக்கம் இருக்குற வெள்ளி மெடல் 1914-20 பிரிட்டிஷ் வார் மெடல், பக்கத்துல வானவில் மாதிரி ரிப்பன்ல தொங்குற வெண்கல மெடல் விக்டரி மெடல், ரெண்டுமே முதல் உலகப்போர்ல வேலை பாத்தவங்களுக்கு பொதுவா குடுத்தது. பிரிட்டிஷ் படையோட உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ்ங்கறது முற்றிலும் வேற, அது வட்டமாவே இருக்காது, சிலுவை வடிவத்துல கருத்த வெண்கலம், நடுவுல கிரீடத்து மேல சிங்கம், கீழ "ஃபார் வேலர்"னு இருக்கும். இந்திய சிப்பாய்களுக்கு அதைக் குடுக்கலாம்னு முடிவானதே 1911ல தான், முதல் உலகப்போர் முழுக்க சேர்த்து 11 இந்தியர்கள் தான் வாங்கினாங்க, அந்த 11 பேரும் யாருன்னு பேரோட தெரியும்.

பொதுவா குடுத்த மெடல்னு சொன்னதும் "ஓ அப்ப இது சாதாரணம் தானா"ன்னு முகம் வாடுறவங்களை நிறைய பாத்திருக்கேன். அப்படி இல்லங்க. அந்த வெள்ளி மெடலை கையில எடுத்து அதோட ஓரத்தை, அதாவது காசுக்கு விளிம்பு இருக்குற இடத்தை, வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. சின்ன சின்ன இங்கிலீஷ் எழுத்து அச்சடிச்சிருக்கும். ஒரு நம்பர், அப்புறம் பதவி, பேர், கடைசில பட்டாளத்தோட பேர். நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சாதாரண கிராமத்து ஆளோட பேரை அரசாங்கமே உலோகத்துல பதிச்சு குடுத்திருக்கு, நம்மள்ள பல பேர் வீட்ல அந்த மனுஷனோட பேர் இருக்குற ஒரே ஆதாரம் அதுவா தான் இருக்கும், போட்டோ இருக்காது, சர்ட்டிபிகேட் இருக்காது, கல்லறையும் இருக்காது. அதைப் படிக்காமலே வெள்ளி எத்தன கிராம்னு கேட்டு உருக்குறதுக்கு குடுத்துடறாங்க. 1979-80ல வெள்ளி விலை ஏறினப்ப உலகம் பூரா இந்த வார் மெடல்கள் ஏராளமா உருக்கப்பட்டுச்சு, வெள்ளி ஏறும்போதெல்லாம் எனக்கு அந்த பயம் தான் வருது.

ஓரத்தைப் படிக்கிறதுல ஒரு பொறுமை வேணும். லென்ஸ் இருந்தா நல்லது, இல்லாட்டி போன் கேமராவுலயே கிட்ட வெச்சு எடுத்து பெருசாக்கிப் பாக்கலாம், டார்ச் வெளிச்சத்தை நேரா அடிக்காம பக்கவாட்டுல விடுங்க, எழுத்து நிழலோட எழும்பி வரும். மெடலைக் கொஞ்சம் கொஞ்சமா சுத்தி சுத்தி எடுங்க. படிச்சதை அப்படியே எழுதுங்க, புள்ளி கமா உட்பட, தப்பா இருக்குன்னு நீங்களா திருத்தாதீங்க. அந்தக் காலத்து கிளார்க்குங்க நம்ம பேரை காதுல விழுந்த மாதிரி எழுதினவங்க, முத்துசாமியை மூட்டூசாமின்னு படிக்கிற மாதிரி ரெண்டு ரெண்டு ஓ போட்டு எழுதியிருப்பாங்க, ரங்கசாமிக்கு ஏ வர்ற இடத்துல யூ வரும், சாமிங்கறதுக்கே நாலஞ்சு விதமான ஸ்பெல்லிங் உண்டு. பின்னாடி எங்க தேடினாலும் இந்த எல்லா ஸ்பெல்லிங்கையும் போட்டு தேடணும், ஒண்ணுல கிடைக்கலன்னு விட்டுடக் கூடாது.

நம்பர் இருக்குல்ல, அது ஆதார் நம்பர் மாதிரி நாடு முழுக்க ஒருத்தருக்கு ஒண்ணுன்னு நெனச்சுடாதீங்க, ஒவ்வொரு பட்டாளமும் தனக்குன்னு குடுத்த நம்பர் அது. அதனால நம்பரும் பட்டாளமும் சேர்ந்து இருந்தா தான் ஆளைப் பிடிக்க முடியும். பேரை மட்டும் வெச்சு தேடினா அதே பேர்ல நூறு பேர் வருவாங்க, ஏன்னா பெரும்பாலும் அப்பா பேரோ ஊர் பேரோ ஓரத்துல இருக்காது.

பட்டாளத்து பேர் சுருக்கமா தான் இருக்கும், அங்க தான் நெறைய பேர் திணறுறாங்க. "கியூ.வி.ஓ. எஸ் அண்ட் எம்"னு இருந்தா அது குயின் விக்டோரியாஸ் ஓன் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், பாலம் கட்டறது, பாதை போடறது, கண்ணிவெடி எடுக்கறதுன்னு பொறியியல் வேலை செஞ்ச படை. "பாலம்கோட்டா எல்.ஐ."ன்னு இருந்தா நம்ம பாளையங்கோட்டை பேர்ல இருந்த 63வது லைட் இன்ஃபன்ட்ரி, இன்ஃபன்ட்ரின்னா காலாட்படை. "கர்னாடிக் இன்ஃபன்ட்ரி"ன்னு 73, 79, 80, 86, 88ன்னு பல நம்பர்ல வரும், கர்நாடகா மாநிலத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, ஆற்காடு நவாப் காலத்துல நம்ம பக்கத்துக்கு இருந்த பேர் அது. "வாலாஜாபாத் எல்.ஐ."ன்னு 83வது படை ஒண்ணு. 1903ல அப்ப இந்திய படைத் தலைமைத் தளபதியா இருந்த கிச்சனர் எல்லா ரெஜிமெண்டுக்கும் நம்பரை மாத்தினப்ப மெட்ராஸ் காலாட்படைகளுக்கு பழைய நம்பரோட 60 கூட்டினாங்க, 3வது மெட்ராஸ் தான் 63வது பாளையங்கோட்டை ஆச்சு. இது தெரிஞ்சா ஒரே வீட்ல அப்பா மெடல்ல ஒரு நம்பரும் மகன் மெடல்ல வேற நம்பரும் இருக்குறதைப் பாத்து ரெண்டு பேரும் வேற வேற பட்டாளம்னு நினைக்க மாட்டீங்க. 1922ல திரும்பவும் எல்லாத்தையும் கலைச்சு அடுக்கினாங்க, அதுக்கப்புறம் வந்த மெடல்ல பேர் திரும்ப மாறும்.

இந்த பாளையங்கோட்டை படையை வெச்சே ஒரு விஷயம் சொல்றேன், மெடலைப் பாத்து ஆள் எங்க இருந்தார்னு எப்படி கண்டுபிடிக்கிறதுங்கறதுக்கு நல்ல உதாரணம். 1914 நவம்பர்ல கிழக்கு ஆப்பிரிக்காவுல, இப்ப தான்சானியாவுல இருக்குற டாங்கா துறைமுகத்துல, ஜெர்மன்காரங்களை எதிர்த்து நடந்த சண்டையில அவங்க இருந்தாங்க. ஆனா அவங்களுக்கு 1914 ஸ்டார் கிடையாது. அந்த ஸ்டார் 1914 ஆகஸ்ட் 5ல இருந்து நவம்பர் 22க்குள்ள பிரான்ஸ், பெல்ஜியத்துல இருந்தவங்களுக்கு மட்டும் தான். மத்த இடத்துல சண்டை போட்டவங்களுக்கு 1914-15 ஸ்டார். ரெண்டும் ஒரே வடிவம், நாலு முனை வெண்கல நட்சத்திரம், குறுக்க வாள், நடுவுல இருக்குற பட்டையில தான் வித்தியாசம், ஒண்ணுல ஆகஸ்ட் நவம்பர்னு மாசத்தோட 1914, இன்னொண்ணுல 1914-15. ஸ்டாருக்கு ஓரம் கிடையாதுங்கறதால பேர் பின்பக்கம் இருக்கும், முன்பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பிட்டு பேர் இல்லையேன்னு சொல்றவங்க திருப்பிப் பாக்கணும். ஸ்டாரே இல்லாம வார் மெடலும் விக்டரி மெடலும் மட்டும் இருந்தா, அவர் பெரும்பாலும் 1916லயோ அதுக்கப்புறமோ தான் களத்துக்கு போயிருக்கார். விக்டரி ரிப்பன் மேல வெண்கலத்துல சின்னதா ஓக் இலை குத்தியிருந்தா தளபதியோட அறிக்கையில அவர் பேர் குறிப்பிடப்பட்டிருக்கு, அதை தனியா தேடணும். தூசின்னு நெனச்சு அந்த இலையை கழட்டிப் போட்டவங்க இருக்காங்க.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்த இடம். வார் மெடல் வெள்ளியில மட்டும் இல்ல, வெண்கலத்துலயும் உண்டு. வெள்ளி கிட்டத்தட்ட 65 லட்சம் அடிச்சாங்க, வெண்கலம் 1,10,000 அளவுக்கு தான். அது யாருக்குன்னா கூலியாள் படை, சுமை தூக்கின படை, தொழிலாளர் படைன்னு போனவங்களுக்கு, சீனாக்காரங்க, மால்டாக்காரங்க, நம்ம ஆளுங்க. துப்பாக்கி பிடிச்சவனுக்கு வெள்ளி, மூட்டை தூக்கினவனுக்கு வெண்கலம். அதுக்கு முன்னாடி 1885ல பர்மா போர்ல இருந்தே இந்த வழக்கம் வந்துடுச்சு, மெட்ராஸ் படைங்க கூட்டமா போன போர் அது, இந்தியா ஜெனரல் சர்வீஸ் மெடல்ல சிப்பாய்க்கு வெள்ளி, கூட போன தண்ணி சுமக்கிறவர், டோலி தூக்கிறவர், சமையல்காரர், குதிரைக்காரர் இவங்களுக்கு வெண்கலம். அந்த வெண்கல மெடல் ஓரத்துல பதவி இருக்குற இடத்துல "பிஸ்தி" (தண்ணி சுமக்கிறவர்), "குக்", "ஸ்வீப்பர்", "டோலி பேரர்"னு இருக்கும். அது தெரிஞ்சதும் வெட்கப்பட்டு ஒதுக்கி வெச்சுடற குடும்பங்களும் உண்டு, வெள்ளி இல்லன்னு பழைய பித்தளை சாமானோட சேர்த்துப் போட்டவங்களும் உண்டு. தயவு செஞ்சு அப்படி செய்யாதீங்க. குண்டு விழுற இடத்துல அடிபட்டவனை தோள்ல தூக்கிட்டு வந்தவர் அவர், அவர் பேர் வேற எந்த புத்தகத்துலயும் இருக்காது, அந்த வெண்கலத்துல மட்டும் தான் இருக்கு. எனக்கு ரெண்டுல ஒண்ணை தான் காப்பாத்த முடியும்னா வெண்கலத்தை தான் எடுப்பேன்.

ரெண்டாவது உலகப்போர் மெடல்ல கதை வேற. ஆறு முனை ஸ்டார், நடுவுல ஜார்ஜ் மன்னரோட முத்திரை, எல்லா ஸ்டாரும் ஒரே அச்சு, பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார்னு அதுல இருக்குற எழுத்தும் ரிப்பனும் தான் மாறும். செலவு பாத்து பிரிட்டன் தன் ஆளுங்களுக்கு பேர் போடாமலே குடுத்துச்சு, ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் பேர் போட்டு குடுத்தாங்க. நம்ம பக்கம் கிடைக்கிறதுல பேர் இருக்கறதும் உண்டு இல்லாததும் உண்டு, அதனால ஒவ்வொண்ணா பாக்கணும். பேர் இல்லாட்டி ஸ்டார்கள் எந்த கூட்டணியில இருக்குங்கறது தான் வழி. ஆப்பிரிக்காவும் இத்தாலியும் இருந்து பர்மா இல்லன்னா அவர் போன பாதை ஒரு மாதிரி, பர்மா மட்டும் இருந்தா வேற மாதிரி. வெளிநாட்டு களத்துக்கே போகாம உள்நாட்டுல மூணு வருஷம் வேலை பாத்தவங்களுக்கு இந்தியா சர்வீஸ் மெடல், பின்னாடி பிரிவினைக்கு முந்தின இந்தியாவோட மேப்பும் 1939-45ங்கற வருஷமும் இருக்கும், அந்த மேப்பைப் பாத்தாலே கண்டுபிடிச்சுடலாம். ரிப்பனை மட்டும் நம்பாதீங்க, நைஞ்சு போனதும் யாரோ கையில கிடைச்ச ரிப்பனை மாட்டியிருப்பாங்க, மெடல்ல என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டு அப்புறம் ரிப்பனைப் பாருங்க.

வீரதீர விருதுன்னு சொல்றதுக்கு உண்மையிலயே தகுதியான மெடல்கள் இந்திய படையில தனியா இருந்துச்சு. இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட் 1837ல கம்பெனி காலத்துலயே வந்தது, நீல எனாமல்ல குறுக்கா ரெண்டு வாள், சுத்தி "ரிவார்டு ஆஃப் வேலர்". 1907ல வந்த இந்தியன் டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் மெடல் வெள்ளி. அதே 1837ல வந்த ஆர்டர் ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா நீண்ட நாள் விசுவாசமா இருந்த இந்திய அதிகாரிகளுக்கு, கழுத்துல மாட்றது, முதல்ல வெளிர் நீல ரிப்பன் குடுத்து அடுத்த வருஷமே கருஞ்சிவப்பா மாத்திட்டாங்க, தலைக்கு தடவின எண்ணெய் பட்டு அழுக்காச்சுன்னு சொல்வாங்க. இது வீட்ல இருந்து அதுல சர்தார் பகதூர்னு பட்டமும் சேர்ந்து வந்தா அவர் முதல் வகுப்பு. நம்ம மண்ணோட பேர் சொல்ற விருது வேணும்னா செங்கல்பட்டு மாவட்டத்துல பிறந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்ரமணியனை சொல்லணும், 1944 பிப்ரவரி 24, இத்தாலியில மிக்னானோங்கற இடத்துல கண்ணிவெடி வெடிக்கப் போகுதுன்னு தெரிஞ்சு அதும்மேல விழுந்து கூட இருந்தவங்களைக் காப்பாத்தி செத்துப்போனார், அவருக்கு விக்டோரியா கிராஸுக்கு சமமா மதிக்கிற ஜார்ஜ் கிராஸ் குடுத்தாங்க. நம்ம பிள்ளைங்கள்ல எத்தன பேருக்கு அந்த பேர் தெரியும்னு யோசிச்சுப் பாருங்க.

உங்க படத்துல வலது ஓரத்துல சின்னதா ஒரு வரிசை இருந்துச்சே, "மாதிரிப் பதக்கங்கள்"னு போட்டிருந்தீங்க, அதைப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா அதுல தான் ஜாஸ்தி குழப்பம் நடக்குது. அது பொம்மையும் இல்ல மாதிரியும் இல்ல, மினியேச்சர். ராத்திரி விருந்து உடையிலயும் மெஸ் உடையிலயும் முழு சைஸ் மெடலை மாட்டிக்க மாட்டாங்க, அதுக்கு பதிலா ஏறக்குறைய பாதி சைஸ்ல செஞ்சதை குத்திக்குவாங்க. முழு மெடல் 36 மில்லிமீட்டர், ரிப்பன் 32 மில்லிமீட்டர் அகலம், மினியேச்சர்ல ரெண்டும் கிட்டத்தட்ட பாதி. முழு மெடலை அரசாங்கம் குடுத்துச்சு, மினியேச்சரை அந்த அதிகாரியே காசு குடுத்து நகைக்கடையிலயோ யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியிலயோ வாங்கிக்கணும். அதனால அதுல பேர் இருக்காது, தரமும் ஒரே மாதிரி இருக்காது, ஒண்ணு தங்கத்துல எனாமலோட அவ்வளவு நுணுக்கமா இருக்கும், இன்னொண்ணு முகமே தெரியாம மழுங்கலா இருக்கும், ரெண்டுமே அசலா இருக்கலாம். சாதாரண சிப்பாய்க்கு விருந்து உடையும் கிடையாது மினியேச்சரும் தேவைப்படாது, அதனால ஒரு வீட்ல மினியேச்சர் வரிசை இருந்தா அங்க ஒரு கமிஷன் அதிகாரியோ, இந்தியன் மெடிக்கல் சர்வீஸ் டாக்டரோ, பட்டம் வாங்கின சிவில் அதிகாரியோ இருந்திருக்க வாய்ப்பு அதிகம். சிப்பாய் மெடலும் மினியேச்சரும் ஒரே பெட்டியில இருந்தா ரெண்டும் ஒரே ஆளோடதுன்னு முடிவு கட்டிடாதீங்க, ரெண்டு தலைமுறை கலந்திருக்கலாம்.

பேர் இல்லாத மினியேச்சரை எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா, வரிசை தான் சாவி. மெடல்களை மாட்டுறதுக்கு ஒரு முறை உண்டு, எது முதல்ல எது அடுத்ததுன்னு, அதை மாத்த மாட்டாங்க. முதல்ல ஒரு ஆர்டர், அதாவது அரசு குடுக்குற உயர்ந்த கௌரவ விருது, அடுத்து போர் மெடல்கள் தேதி வரிசையில, அதுக்கப்புறம் முடிசூட்டு, தர்பார் மெடல்கள்னு போகும். அந்த வரிசையை அப்படியே எழுதுங்க. ஆர்டர் ஆஃப் தி இந்தியன் எம்பயர்னா சிவப்பு எனாமல்ல அஞ்சு இதழ் ரோஜா, நடுவுல விக்டோரியா ராணி. அந்த ஆர்டர் 1878ல ஆரம்பிச்சப்ப ஒவ்வொரு இதழ்லயும் ஒரு எழுத்தா "இந்தியா"ன்னு இருந்துச்சு, 1887ல இருந்து அந்த எழுத்தை எடுத்துட்டாங்க, ஒரு விரல் நுனி அளவு ரோஜாவுல அந்த எழுத்து இருக்கா இல்லையான்னு பாத்தே எந்த காலம்னு சொல்லிடலாம். ஸ்டார் ஆஃப் இந்தியான்னா நடுவுல கல்லுல செதுக்கின ராணி முகம், சுத்தி "ஹெவன்ஸ் லைட் அவர் கைடு", வெளிர் நீல ரிப்பனுக்கு வெள்ளை ஓரம். இந்த ஆர்டர்களை வாங்கினவங்க பேர் எல்லாம் கெஜட்ல வந்திருக்கு, லண்டன் கெஜட் இன்டர்நெட்ல இலவசமா தேடலாம். ஒரு ஆர்டர், ஒரு குறிப்பிட்ட கிளாஸ்ப் (ரிப்பன் மேல சண்டை பேரோட இருக்குற சின்ன பட்டை) இருக்குற போர் மெடல், ஒரு தர்பார் மெடல்னு மூணும் சேர்ந்த ஆள் அந்த வருஷத்துல விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுக்கு தான் இருப்பாங்க. பேரே இல்லாத மெடலுக்கு இப்படி பேர் கண்டுபிடிச்சவங்க இருக்காங்க. அதனால தான் சொல்றேன், வரிசையைப் பிரிக்காதீங்க, அண்ணன் தம்பி ஆளுக்கு ஒண்ணுன்னு பங்கு போட்டுக்காதீங்க, பிரிச்ச அன்னிக்கே அந்த ஆள் தொலைஞ்சு போறார். பின்பக்கம் இருக்குற குத்துற கம்பியையும் மாத்தாதீங்க, செஞ்ச கம்பெனியோட முத்திரை அதுல தான் இருக்கும்.

இன்னொரு குழப்பம், ராணுவத்துக்கு சம்பந்தமே இல்லாததை ராணுவ மெடல்னு நினைக்கிறது. 1911 டெல்லி தர்பார் மெடலோட ஒரு பக்கம் பாரசீக எழுத்து இருக்கும், அதைப் பாத்துட்டு நவாப் குடுத்தது, திப்பு சுல்தான் காலத்துதுன்னு சொல்லி வெச்சிருக்காங்க. திருப்பினா ராஜாவும் ராணியும் இருப்பாங்க. நிஜமாவே திப்பு சம்பந்தப்பட்ட மெடல் வேற, 1799ல ஸ்ரீரங்கப்பட்டணத்தை பிடிச்சதுக்கு கம்பெனி அடிச்சது, சிங்கம் புலியைக் கீழ தள்ளி மிதிக்கிற மாதிரி படம், தங்கம் வெள்ளி வெண்கலம் ஈயத்தகரம் வரைக்கும் பதவிக்கு ஏத்த மாதிரி. அதே மாதிரி ராவ் பகதூர், ராவ் சாகிப், திவான் பகதூர் பேட்ஜுங்க, கிரீடம் வெச்ச நட்சத்திரத்துக்கு நடுவுல மன்னர் தலையும் சுத்தி பட்டத்தோட பேரும் இருக்கும், அது சிவில் பட்டம். கைசர்-இ-ஹிந்த் மெடல் முட்டை வடிவம், கரும்பச்சை ரிப்பன், பொது சேவைக்கு. இதெல்லாம் ராணுவம் இல்லைங்கறதால மதிப்பு குறையல, ஆனா தாத்தா ஆஸ்பத்திரி கட்டினதுக்கோ பஞ்சத்துல வேலை செஞ்சதுக்கோ வாங்கினதை போர்ல வாங்கினார்னு சொன்னா அவர் செஞ்ச நல்ல காரியம் மறைஞ்சு போகுது.

மன்னர் தலையை சுத்தி இருக்குற எழுத்தும் காலத்தை சொல்லும். இந்திய மெடல்கள் சிலதுல ஜார்ஜ் பேரோட கைசர்-இ-ஹிந்த்னு வரும். ஆறாம் ஜார்ஜ் மெடல்ல கடைசில "இந்த் இம்ப்"னு, அதாவது இந்தியாவோட சக்ரவர்த்தின்னு இருந்தா அது பெரும்பாலும் 1948க்கு முந்தின அச்சு, அப்புறம் அந்த வார்த்தையை எடுத்துட்டாங்க. 1947 சுதந்திர மெடல்ல ஒரு பக்கம் அசோக சிங்கம், காவி வெள்ளை பச்சை ரிப்பன், இதுவும் நம்ம வீடுகள்ல நிறைய இருக்கு, யாரும் கண்டுக்கறதில்ல.

சந்தையில போலியும் சுத்துது. அச்சு எடுத்து ஊத்தின மெடல் அசலை விட துளி சின்னதா இருக்கும், எழுத்து எல்லாம் சோப்பு கரைஞ்ச மாதிரி கூர்மை இல்லாம இருக்கும், ஓரத்துல பொட்டு பொட்டா காத்து ஓட்டை தெரியும். அதை விட மோசம், அசல் மெடலோட ஓரத்தை ராவி பழைய பேரை அழிச்சுட்டு சண்டையில பேர் வாங்கின பட்டாளத்து ஆள் பேரை புதுசா வெட்டறது. வெர்னியர் காலிப்பர் வெச்சு பல இடத்துல அளந்தா விட்டம் குறைஞ்சிருக்கறது தெரிஞ்சுடும். ஒரு மனுஷன் பேரை அழிச்சு இன்னொருத்தன் பேரை எழுதறது எனக்கு திருட்டை விட மோசமா தான் படுது.

வீட்ல செய்யற கெடுதல் ஒண்ணு இருக்கு, சுத்தம் பண்றேன்னு புளியும் சாம்பலும் போட்டு தேய்க்கறது, பாலிஷ் போட்டு பளபளன்னு ஆக்கறது. ஒவ்வொரு தடவ தேய்க்கும்போதும் ஓரத்து எழுத்து கொஞ்சம் போகுது, மன்னர் மூக்கு போகுது, அப்புறம் படிக்க ஒண்ணும் இருக்காது. கறுத்து இருந்தா அப்படியே இருக்கட்டும், மெல்லிய துணியில துடைச்சு அமிலம் இல்லாத பேப்பர்ல சுத்தி வைங்க, மெத்து மெத்துன்னு இருக்குற பிளாஸ்டிக் ஆல்பத்துல போடாதீங்க, அது வியர்த்து பச்சை பிடிக்க வைக்கும். ரிப்பன் கிழிஞ்சிருந்தாலும் தூக்கிப் போடாதீங்க.

பேரும் நம்பரும் பட்டாளமும் கிடைச்சா அடுத்து எங்க போறதுன்னு கேப்பீங்க. போர்ல இறந்தவரா இருந்தா காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷனோட இணையதளத்துல இலவசமா தேடலாம், முதல் உலகப்போர்ல 70,000க்கு மேல இந்தியர்கள் இறந்தாங்க, பிரான்ஸ்ல நவ் ஷப்பெல், நம்ம சென்னை நந்தம்பாக்கத்து போர் கல்லறைத் தோட்டம்னு நினைவுச்சின்னங்கள்ல பேர் இருக்கு, இறந்தவரோட ஊர், அப்பா பேர் கூட சில சமயம் கிடைக்கும். உயிரோட திரும்பினவங்களைத் தேடறது தான் கஷ்டம். லண்டன் க்யூவுல இருக்குற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல பட்டாளங்களோட போர் நாட்குறிப்பும் மெடல் பட்டியலும் இருக்கு, பிரிட்டிஷ் லைப்ரரியில இந்தியா ஆபீஸ் ரெக்கார்ட்ஸ் இருக்கு. நாட்குறிப்புல சிப்பாய் பேர் வராது, ஆனா அந்த மாசம் அந்த கம்பெனி எந்த ஆத்தை கடந்துச்சு, எங்க பாலம் போட்டுச்சுன்னு இருக்கும், தாத்தா அங்க தான் இருந்தார்னு தெரியறதே பெரிய விஷயம் தானே. ரெண்டாவது உலகப்போர் ஆள்னா பெங்களூர்ல இருக்குற மெட்ராஸ் எஞ்சினியர் குரூப், நீலகிரி வெலிங்டன்ல இருக்குற மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டர் இவங்களுக்கு நம்பரோட கடிதம் போடலாம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல எப்படி எழுதறதுன்னு கேக்கலாம். ஊர் பொது இடத்துல "இந்த கிராமத்துல இருந்து இத்தன பேர் பெரும் போருக்கு போனாங்க, இத்தன பேர் உயிர் கொடுத்தாங்க"ன்னு இங்கிலீஷ்ல எழுதின கல் பல ஊர்ல இருக்கு, சில இடத்துல சுண்ணாம்பு அடிச்சு மூடிட்டாங்க. அதுல எண்ணிக்கை மட்டும் தான் இருக்கும், பேர் இருக்காது. அந்த எண்ணிக்கைக்கு உரியவங்க பேர் தான் நம்ம டிரங்கு பெட்டிகள்ல மெடல் ஓரத்துல இருக்கு.

பஞ்சாப்ல இருந்து போனவங்களோட கிராமவாரி பதிவேடுகள் லாகூர் மியூசியத்துல கிடந்துச்சு, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பேர் இருக்குற அதை 2021ல இருந்து கம்ப்யூட்டர்ல ஏத்தி யார் வேணா தேடற மாதிரி ஆக்க ஆரம்பிச்சாங்க. நம்ம மாகாணத்து ஆளுங்களுக்கும் அது மாதிரி ஒண்ணு வேணும், அதுக்கு அரசாங்கத்தை மட்டும் எதிர்பாக்க வேண்டாம், வீடுகள்ல இருக்குற மெடல் ஓரங்களே ஒரு பதிவேடு தான். இதை நல்லா செய்யக்கூடியது உங்க மாதிரி ஊர் ஊரா போற பேப்பர். ஞாயித்துக்கிழமை இணைப்புல கால் பக்கம் ஒதுக்குங்க, வாசகர்கள் ஓரத்துல இருக்குறதை அப்படியே எழுதி அனுப்பட்டும், நீங்க பேர், நம்பர், பட்டாளம், ஊர்னு வரிசையா போட்டுக்கிட்டே வாங்க. மெடலை யாரும் அனுப்ப வேண்டாம், போட்டோ போதும். வீட்டு அட்ரஸும் அச்சுல வரக் கூடாது, திருட்டுக்கு வழி ஆகும். நூறு வருஷம் தாண்டின மெடல் 1972 சட்டப்படி தொல்பொருள்ங்கறதையும் அந்தப் பக்கத்துலயே போட்டுடுங்க, வெளிநாட்டுக்காரன் கேக்கறான்னு தபால்ல போட்டு அனுப்பினா குத்தம்.

அனுப்பறவங்க ஒரு மெடலுக்கு மூணு போட்டோவாவது எடுக்கணும், முன்பக்கம், பின்பக்கம், அப்புறம் ஓரத்தை சுத்தி சுத்தி எத்தன படம் தேவையோ அத்தன. பக்கத்துல ஒரு ஸ்கேல் வைங்க, அப்ப தான் முழு சைஸா மினியேச்சரான்னு தெரியும். வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா அந்த ஆளைப் பத்தி அவங்களுக்கு தெரிஞ்சதை, எந்த கப்பல்ல போனார், எந்த ஊர்ல அடிபட்டார், பென்ஷன் எங்க வாங்கினார்னு, கேட்டு போட்டோ பின்னாடியே எழுதிடுங்க, இந்த வருஷமே கேளுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்